மூன்றாவது பாட்டுக்குப் பெய்த மழை

மஞ்சள் திமிங்கிலம் என்ற இசைக்குழு பத்து வருஷத்துக்கு மேல் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு ‘பித்தளை நிலா’ என்ற புது ஆல்பத்தை வெளியிட்ட அந்தச் சித்திரை மாதத்தில், ராயபுரம் சங்குக்காரர் தெருவில் எந்த வீட்டில் அதைப் போட்டாலும் அந்த வீட்டுக்குள் மழை பெய்தது. ஓட்டு வீடு, மாடி வீடு, தகரம் போட்ட வீடு என்று வித்தியாசம் பார்க்காமல் பெய்தது; பாட்டு ஆரம்பித்ததும் ஆரம்பித்தது, நிறுத்தியதும் நின்றது; வாசற்படியைத் தாண்டி ஒரு சொட்டு வெளியே விழவில்லை. அதே பாட்டை அதே போனில் பக்கத்துத் தெருவுக்குக் கொண்டுபோய்ப் போட்டால் வெறும் பாட்டுதான் கேட்டது.

முதலில் நனைந்தவள் தவமணி. மெர்லின் தவமணி என்பது முழுப்பெயர். பகலில் ஒரு செய்தித்தாள் அலுவலகத்தில் பிழை திருத்துகிறவள், மீதி நேரத்தில் ஓர் இணைய இதழில் இசை விமர்சனம் எழுதுகிறவள், ஐம்பதைத் தாண்டியவள், தனியாக இருப்பவள், யாராவது ஒரு பாட்டை அருமை என்று சொன்னால் பாட்டை விட்டுவிட்டு இவர் ஏன் இப்படிச் சொல்கிறார் என்று யோசிக்கிறவள். சந்தேகம் அவளுக்குத் தொழிலாக இருந்து இருந்து சுபாவமாகவே ஆகிவிட்டிருந்தது. முதல் தடவையிலேயே பிடித்துவிடுகிற பாட்டை அவள் நம்பமாட்டாள். கறிகாய்க்காரர் ஒரு நாள் அதிகமாகச் சிரித்தால் வெண்டைக்காயை ஒவ்வொன்றாக ஒடித்துப் பார்ப்பாள்.

மஞ்சள் திமிங்கிலத்தின் முதல் கேசட்டுக்கு முதல் விமர்சனம் எழுதியவளும் அவள்தான். அப்போது அவளுக்கு இருபத்துச் சொச்சம் வயது. தெருக்கோடியில் கயிற்றுக் கிடங்கின் மாடியில் நாலு பேர் ராவும் பகலுமாக எதையோ வாசித்துக்கொண்டிருந்தார்கள்; கிட்டார் கிணற்றுக்குள்ளிருந்து கேட்கிற மாதிரி கேட்கும், கீபோர்டு தலையைச் சுற்றிச் சுற்றி வரும், பாட்டில் மீன்கள் பஸ் ஏறும், சூரியன் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நிற்கும். பத்திரிகைகள் அதை சைக்கடெலிக் ராக் என்றன, தெருவில் கிறுகிறு மியூசிக் என்றார்கள். பாடியவன் துரைக்கண்ணு. அவனும் கீபோர்டு வாசித்த அப்சலும் மட்டும் கடைசிவரை மாறாமல் இருந்தார்கள், மற்றவர்கள் வந்து வந்து போனார்கள். தவமணி எழுதிய அந்த ஒரு பக்கத்தைப் படித்துவிட்டுத்தான் முதல் தடவையாக ஒரு கல்லூரியில் இவர்களைக் கூப்பிட்டு மேடையில் ஏற்றினார்கள். அன்றையிலிருந்து ஒவ்வொரு கேசட்டுக்கும், பிறகு ஒவ்வொரு சிடிக்கும் அவள் எழுதினாள். நல்லதை நல்லது என்றும் கெட்டதைக் கெட்டது என்றும் எழுதினாள். ஒரே தெருவில் குடியிருந்தும் அதைப் பற்றித் துரைக்கண்ணு அவளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. எழுதச் சொல்லி அவன் கேட்கவில்லை என்பதால்தான் அவள் எழுதினாள், அவள் எழுதுவாள் என்பதால்தான் அவன் கேட்கவில்லை.

‘பித்தளை நிலா’வை அவள் முதலில் ஹெட்போனில் கேட்டாள். காது நனைந்தது, வேர்வை என்று துடைத்துக்கொண்டாள். ஸ்பீக்கரில் போட்டதும் மின்விசிறிக்கு மேலேயிருந்து தூறல் விழுந்தது. மாடித் தொட்டி ஒழுகுகிறது என்று சந்தேகப்பட்டாள். மாடித் தொட்டி பங்குனியிலிருந்தே காலி. தனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று சந்தேகப்பட்டாள். ஆனால் மெத்தை உண்மையாகவே ஊறிக்கொண்டிருந்தது. புத்தகங்களை வாரி பீரோவுக்குள் போட்டுவிட்டு, ஸ்பீக்கருக்குப் பிளாஸ்டிக் பையை மாட்டிவிட்டு, குடையைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து எட்டுப் பாட்டையும் வரிசையாகக் கேட்டாள். மூன்றாவது பாட்டுக்கு ஐப்பசி மழை மாதிரி கொட்டியது, ஆறாவதுக்கு வெறும் சாரல், எட்டாவதுக்குச் சுத்தமாகப் பெய்யவில்லை. குடையை மடக்கி வைத்தபோது அவளுக்குள் ஒரே ஒரு சந்தேகம்தான் மிச்சமிருந்தது: இவ்வளவு மழையைக் கொட்டி எதை மறைக்கப் பார்க்கிறார்கள்?

தெருவுக்கு அந்தச் சந்தேகமெல்லாம் வரவில்லை. தெருவில் குழாய் வறண்டு மாதக்கணக்கில் ஆகியிருந்தது, தண்ணி லாரி நினைத்தால் வரும், நினைக்காவிட்டால் வராது. முதல் நாள் சனங்கள் கத்தினார்கள், கட்டிலை நகர்த்தினார்கள், மாடி வீட்டுக்காரர்களோடு சண்டைக்குப் போனார்கள். இரண்டாம் நாள் தவமணிக்குப் பக்கத்து வீட்டுச் சம்மனசு மேரி கூடத்தின் நடுவில் ஒரு குடத்தை வைத்து, நிறைந்ததும் ஒரு வாய் குடித்துப் பார்த்து, கொஞ்ச நேரம் யோசித்து, “உப்புக் கரிக்கல” என்றாள். அந்த வார்த்தை தெரு முழுக்கப் போய்த் திரும்பி வருவதற்குள் வீட்டுக்கு வீடு குண்டான், வாளி, டிரம், மீன் கூடை கழுவுகிற தொட்டி எல்லாம் கூடத்துக்கு வந்துவிட்டன.

அதற்குப் பிறகு மழை ஒரு பழக்கமாயிற்று. டி.வி.க்கு மழைக்கோட்டு தைத்துப் போட்டார்கள். பரணில் துணி, பரணுக்குக் கீழே குடம் என்று வீட்டை மாற்றி அடுக்கினார்கள். விடிந்ததும் முதல் வேலையாக ஒரு தடவை ஆல்பம் போட்டு, பெருக்கித் தள்ளிவிட்டு, பிறகுதான் அடுப்புப் பற்ற வைத்தார்கள். துரைக்கண்ணு வருஷக்கணக்காக யோசித்து வைத்த பாட்டுப் பெயர்களெல்லாம் போய்விட்டன. ‘பாலத்துக்குக் கீழே ஒரு சூரியன்’ என்ற மூன்றாவது பாட்டுக்குக் குடம் பாட்டு என்று பெயர், ஐந்தாவதுக்குத் துணிப் பாட்டு, சாரல் அடித்த ஆறாவதில் பிள்ளையைக் குளிப்பாட்டலாம் என்பதால் அது பிள்ளைப் பாட்டு. பெண் பார்க்க வந்தவர்கள் கூடத்தில் குடையோடு உட்கார்ந்து பஜ்ஜி சாப்பிட்டார்கள். மாநகராட்சி அதிகாரி ஒருவர் வந்து சுவரையும் கூரையையும் தட்டிப் பார்த்து, தெருவில் எல்லா வீட்டிலும் கசிவு இருப்பதாக எழுதிக்கொண்டு தலையைத் துவட்டிக்கொண்டே போனார். சர்ச்சுக்குப் போய்ச் சாமியாரிடம் கேட்டார்கள். இது எந்தப் புனிதருடைய வேலை என்று தனக்குத் தெரியவில்லை, ஆனால் தண்ணீரை வீணாக்காதீர்கள் என்றார் அவர். எட்டாவது பாட்டு சொட்டுக்கூடத் தரவில்லை என்பதால், ஏழாவது முடிந்ததும் எல்லா வீட்டிலும் கை தானாகப் போய் நிறுத்தியது. எட்டாவது எப்படி இருக்கும் என்று அந்தத் தெருவில் பாடியவர்களையும் தவமணியையும் தவிர ஒருவருக்கும் தெரியாது.

ஆல்பம் எப்படி என்று யாரைக் கேட்டாலும் பிரமாதம் என்றார்கள். வெளியூர்க்காரர்களும் பிரமாதம் என்றுதான் எழுதினார்கள். அவர்கள் வீட்டில் பெய்யவே இல்லை என்பதால் அது தவமணிக்கு இன்னும் சந்தேகமாக இருந்தது. பெங்களூரிலிருந்து ஒருவர் மூத்த சிங்கங்கள் கர்ஜித்துவிட்டன என்று எழுதினார், பம்பாயிலிருந்து ஒருவர் காலத்தை வென்ற குரல் என்று எழுதினார், இன்னொருவர் வார்த்தைக்கு வார்த்தை பழைய ஆல்பத்துக்கு எழுதியதையே எடுத்துப் பெயரை மாற்றிப் போட்டிருந்தார். உள்ளே இருப்பவர்கள் குடத்தைப் பார்த்துப் புகழ்கிறார்கள், வெளியே இருப்பவர்கள் வயசைப் பார்த்துப் புகழ்கிறார்கள், கேட்டது யார் என்று அவள் தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள்.

ஒரு நாள் சாயங்காலம் டீக்கடையில் துரைக்கண்ணு நின்றிருந்தான். எதிர் வரிசையில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் மூன்றாவது பாட்டு வெவ்வேறு இடத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வீட்டில் பல்லவி, ஒரு வீட்டில் கிட்டார், ஒரு வீட்டில் முடிந்து திரும்ப ஆரம்பிக்கிறது. அத்தனைக்கும் அடியில் பாத்திரத்தில் தண்ணீர் விழுகிற சத்தம். நரைத்த முடியைப் பின்னால் முடிந்துகொண்டு, டீயைக் குடிக்காமல், தன் குரலைத் தானே ஒளிந்திருந்து கேட்கிறவனைப் போல நின்றிருந்தான்.

“கேட்டியா?” என்றான். முப்பது வருஷத்தில் அவன் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

“கேட்டேன்.”

“முழுசா?”

“முழுசாத்தான். எழுதறேன்.”

அவன் தலையை ஆட்டினான். அதற்கு மேல் கேட்கவில்லை.

அவள் எழுதினாள். மழையைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. மழை பாட்டின் குணமா, தெருவின் குணமா என்று அவளுக்குத் தெரியாது, தெரியாததை அவள் எழுதுவதில்லை. எட்டில் ஆறு பாட்டுகளில் இந்தக் குழு தன்னைத்தானே பார்த்து எழுதியிருக்கிறது என்று எழுதினாள். மூன்றாவது பாட்டு இவர்களுடைய பழைய பாட்டு ஒன்றின் நிழல், நிழலுக்கு இவ்வளவு அலங்காரம் தேவையில்லை என்று எழுதினாள். ஐந்தாவது பரவாயில்லை. எட்டாவது மட்டும்தான் நிஜம், அதில்தான் இவர்கள் தங்களுக்கு வயசாகிவிட்டது என்பதை ஒப்புக்கொண்டு பாடியிருக்கிறார்கள், அந்த ஒன்றுக்காக மற்ற ஏழு பாட்டையும் மன்னிக்கலாமா என்பது கேட்பவர்கள் விருப்பம் என்று முடித்தாள். இதழின் ஆசிரியர் இளஞ்சேரல் வயசில் சின்னவன், அவள் எழுதியதில் கை வைக்கப் பயப்படுகிறவன், அப்படியே போட்டான்.

மறுநாள் காலையில் மழை மெலிந்தது. குடம் பாட்டுக்கு அரைக் குடம்தான் வந்தது. அடுத்த நாள் கூடம் ஈரமானதோடு சரி. அதற்கடுத்த நாள் எல்லா வீட்டிலும் ஏழு பாட்டும் வெறும் பாட்டாக ஓடி முடிந்தன.

தெரு அப்போதுதான் சந்தேகப்படக் கற்றுக்கொண்டது. போனை மாற்றிப் பார்த்தார்கள், சத்தத்தை ஏற்றிப் பார்த்தார்கள், குளித்துவிட்டுப் போட்டுப் பார்த்தார்கள். ராத்திரியெல்லாம் ஓட விட்டு மழையைத் தீர்த்துவிட்டதாக ஐஸ் கம்பெனியில் வேலை செய்கிற ஞானப்பிரகாசத்தைச் சொன்னார்கள். அவன் மாடி வீட்டுக்காரர்களைச் சொன்னான். மாடி வீட்டுக்காரர்கள், அப்சல் ரகசியமாகப் பாட்டை மாற்றிப் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். மூடியிருந்த கதவெல்லாம் சந்தேகத்துக்கு இடமாயிற்று. யார் வீட்டிலாவது தண்ணீர் சத்தம் கேட்டால் ஜன்னலில் முகங்கள் வந்தன. கடைசியில் யாரோ ஒருவர் போனில் தவமணி எழுதியதைக் கண்டெடுத்து டீக்கடையில் சத்தமாகப் படித்தார். படித்து முடித்ததும் எல்லோரும் அவள் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.

காலிக் குடங்களோடு வந்தார்கள். சம்மனசு மேரி முன்னால் நின்றாள்.

“இன்னா தவமணி, இப்புடி எழுதி வச்சிருக்க?”

“நீ படிச்சியா, மேரிக்கா?”

“மருமவ படிச்சுக் காட்டுனா. மூணாவது பாட்டு பழைய பாட்டோட நெழலாம். நெழலோ வெயிலோ, எனக்குக் கொடம் நெறஞ்சுது. நீ எழுதுன மறுநாளே போச்சு.”

“நான் எழுதறதுக்கும் மழை நிக்கறதுக்கும் என்ன சம்பந்தம்?”

“பாட்டுக்கும் மழைக்கும் இன்னா சம்பந்தம்னு நாங்க கேட்டமா?”

பின்னாலிருந்து ஞானப்பிரகாசம் மரியாதையாகத்தான் பேசினான். “அக்கா, ஒர்த்தன் ஆசையா ஒண்ணக் கொண்டாந்து குடுக்கறான். நல்லாயில்லன்னு மூஞ்சிக்கு நேரா சொன்னா எடுத்துக்கினு போய்டுவானா மாட்டானா? மனுசனுக்கு இருக்கற ரோசம் மழைக்கு இருக்காதா?”

“அப்ப நான் பொய் எழுதணும்கறீங்க.”

“பொய்னு யாரு சொன்னா? இன்னொரு தபா கேளு,” என்றாள் மேரி. “கொறைய வுட்டுடு. நல்லா கீற எடமா பாத்து எழுது. ஒரு பாட்டுல ஒரு எடம் கூடவா நல்லா இருக்காது?”

“கேட்டுட்டேன்க்கா. ரெண்டு தடவை கேட்டேன். அதுக்கு மேல எழுத எனக்கு எதுவும் இல்ல.”

குடங்கள் திரும்பிப் போயின. அதற்குப் பிறகு தெரு அவளோடு பேசவில்லை. வேறு எந்த இசைக்குழுவோ இவளைப் பிடித்து எழுத வைத்திருக்கிறது என்றார்கள். துரைக்கண்ணு அந்தக் காலத்தில் இவளைக் கட்டிக்கொள்ளாத கோபம் என்றும் சொன்னார்கள். துரைக்கண்ணு தன்னை எதுவும் கேட்டதில்லை, தானும் அவனை எதுவும் கேட்டதில்லை என்று யாரிடம் போய்ச் சொல்வது? அவள் தன்னையே சந்தேகப்பட்டு, எழுதியதை எடுத்து ஒரு பிழை திருத்துகிறவளாக வரிவரியாகப் படித்தாள். கோபத்தில் எழுதியதாக ஒரு வரிகூட இல்லை. அது அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும், இருக்கவில்லை.

வெயில் ஏறிக்கொண்டே போனது. லாரி வந்த ஒரு நாள் காலையில் அவள் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு நாள் வீட்டுக்குள் தண்ணீர் பிடித்துப் பழகியவர்களுக்கு வரிசையில் நிற்கிற பழக்கம் விட்டுப்போயிருந்தது. குழாய் ஒன்று, கைகள் நூறு. யாரோ யாரையோ தள்ள, சம்மனசு மேரி குடத்தை விடாமல் கீழே விழுந்தாள், குடத்தின் மேலேயே மணிக்கட்டு மடங்கியது. அவள் கத்தவில்லை. எழுந்து உட்கார்ந்து, தொங்குகிற கையைப் பார்க்காமல், நசுங்கிய குடத்தை இன்னொரு கையால் தடவிப் பார்த்தாள். வீட்டில் அவள் மருமகள் பிள்ளை பெற்று ஒரு மாதம்கூட ஆகவில்லை. பிள்ளையின் துணிகள் அலசாமல் மூட்டையாகக் கிடந்தன என்று தவமணிக்குத் தெரியும், சுவருக்கு இந்தப் பக்கம் வாடை வந்துகொண்டிருந்தது.

தவமணி உள்ளே போய் உட்கார்ந்து எழுதினாள். எந்தப் பாட்டையும் திரும்பக் கேட்கவில்லை. வெளியூர்க்காரர்கள் எழுதியபோது தான் சிரித்த வார்த்தைகளையே ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். மூத்த சிங்கம், காலத்தை வென்ற குரல், பாய்ச்சல், உச்சம். முதல் பாட்டிலிருந்து எட்டாவது பாட்டுவரை எல்லாமே மணிகள் என்று எழுதினாள். மூன்றாவது பாட்டைக் கேட்டபோது தான் புதிதாகப் பிறந்ததாக எழுதினாள். சந்திப்பிழை ஒன்றுகூட இல்லாமல் எழுதினாள்.

இளஞ்சேரல் போன் செய்தான். “மேடம், இது நீங்க அனுப்பினதுதானா?”

“நான்தான்.”

“ஒரே ஆல்பத்துக்கு ரெண்டு விமர்சனம். அதுவும் இப்படி நேர் எதிரா. என்ன மேடம் ஆச்சு?”

“மறுபடி கேட்டேன். போடு.”

“உண்மையாவே கேட்டீங்களா?”

“நீ போடு இளஞ்சேரல்,” என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

மறுநாள் காலையில் தெருவின் ஒரு மூலையில் யாரோ கூவினார்கள். பிறகு இன்னொரு மூலையில். பிறகு எல்லா வீட்டிலும் மூன்றாவது பாட்டு ஓட, எல்லா வீட்டிலும் கொட்டியது. முன்னைவிட அதிகமாகக் கொட்டியது, படிக்கட்டில் வழிந்தது, நாய்கள் கூடத்துக்கு வந்து நனைந்தன. அது தன் பொய்யால்தான் பெய்ததா, இல்லை அதுவாகவே திரும்பி வந்ததா என்று தவமணிக்குத் தெரியவில்லை. இரண்டில் எது உண்மையென்றாலும் அவளுக்கு அவமானமாகத்தான் இருந்தது. தெருவுக்கு அந்தக் குழப்பம் இல்லை. ஞானப்பிரகாசம் வஞ்சிரமும் அதைச் சுற்றி ஐஸும் கொண்டுவந்து கொடுத்தான். கையில் கட்டோடு மேரி வந்து, “படிச்சேன். மருமவள படிக்கச் சொல்லி ரெண்டு தபா கேட்டேன். நல்லா எழுதியிருக்க,” என்றாள். பிறகு தவமணியின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “மனசுல வச்சிக்காத,” என்று சொல்லிவிட்டுப் போனாள். தவமணி தன் வீட்டில் அந்த ஆல்பத்தைப் போடவில்லை. அவளுடைய குடங்களை யாராவது கேட்காமலேயே எடுத்துப்போய் நிரப்பிக் கொண்டுவந்து வைத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், உச்சி வெயிலில், துரைக்கண்ணு மாடி ஏறி வந்தான். அந்த வீட்டுக்குள் அவன் வந்து வருஷங்கள் ஆகியிருந்தன. உட்காரச் சொன்னாள், உட்காரவில்லை. போனை அவள் பக்கம் நீட்டினான்.

“இத யாரு எழுதுனது?”

“என் பேர் போட்டிருக்கே.”

“பேரக் கேக்கல.”

பக்கத்து வீட்டில் குடம் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவன் அந்தச் சுவரைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், தலையை ஆட்டினான்.

“எனக்குப் புரியாம இல்ல. மேரிக்கா கைய நானும்தான் பாத்தேன். நீ எழுதாம இருந்தா நானே ஒன்னக் கெஞ்சியிருப்பேனோ என்னமோ.” அவன் குரல் இறங்கியது. “ஆனா தவமணி, மொதல்ல எழுதுனியே, அத நான் அப்சலுக்குப் படிச்சுக் காட்டுனேன். அவன் ஒரு நாள் முழுக்க எங்கிட்ட பேசல. மறுநாள் வந்து, ஆறு பாட்டு விஷயத்துல அவ சொல்றது கரெக்டுடா, நமக்கே தெரியும்லன்னான். தெரியும். பாடும்போதே தெரியும். அப்புறம் ரெண்டு பேரும் அந்த எட்டாவது பாட்டப் பத்தியே பேசிக்கினு இருந்தோம். ஒருத்தி கேட்டிருக்கா, ஒருத்திக்குத் தெரிஞ்சிருக்குன்னு.”

“எட்டாவது நல்ல பாட்டு, தொர.”

“அதான் இதுலயும் எழுதியிருக்க.” போனைத் தட்டினான். “எட்டும் மணின்னு எழுதியிருக்க. மூணாவது நல்லாருக்குன்னு எழுதுன அதே கையிதான எட்டாவது நல்லாருக்குன்னும் எழுதுச்சு? நான் இப்ப எத நம்பறது? மொத தடவ எழுதுனது கூட யாருக்காவது பயந்து எழுதுனதா இருந்தா?”

முப்பது வருஷமாக எல்லோரையும் சந்தேகத்தோடு பார்த்தவளுக்கு, ஒருவன் தன்னை அப்படிப் பார்த்தால் எப்படி இருக்கும் என்பது அப்போதுதான் தெரிந்தது. சத்தியம் செய்யலாமா என்று நினைத்தாள். பொய் எழுதியவளின் சத்தியத்துக்கு என்ன மதிப்பு என்று அவளே அதைத் தள்ளினாள்.

“உக்காரு,” என்றாள். “கேப்போம்.”

எட்டாவது பாட்டைப் போட்டாள். தெரு முழுக்க எல்லா வீடும் நனைந்துகொண்டிருக்க அந்த ஓர் அறை மட்டும் காய்ந்து கிடந்தது. பாட்டு ஆர்மோனியத்தில் ஆரம்பித்தது. அப்சல் கீபோர்டை விட்டுவிட்டு அவனுடைய அப்பாவின் பழைய ஆர்மோனியத்தை வாசித்திருந்தான், காற்று போகிற சத்தமே தாளமாக இருந்தது. துரைக்கண்ணுவின் குரல் மேலே ஏறப் போய், எட்டாமல் உடைந்து, உடைந்த இடத்தில் அப்படியே நின்று, பிறகு பாடாமல் பேசியது. தூரத்தில் ஒரு மணி அடித்துக்கொண்டே இருந்தது. நீளமான பாட்டு. துரைக்கண்ணு பாட்டைக் கேட்கவில்லை, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்; எங்கே புருவம் ஏறுகிறது, எங்கே உதடு அசைகிறது என்று ஒரு போலீஸ்காரனைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தான். அவளுக்கு அழுகை வந்தது, அடக்கிக்கொண்டாள். அழுதால் அதையும் அவன் நம்பமாட்டான். முகத்தை எப்படி வைத்தாலும் அது நடிப்பாகத்தான் தெரியும் என்று தோன்றியது. பாதிப் பாட்டைத் தாண்டும்போது அவள் கை தானாகப் போய் நிறுத்தியது.

“இந்த எடத்துல கிட்டார் எதுக்கு?” என்றாள்.

“எது?”

“குரல் ஒடஞ்சப்புறம் வருதே, அது. கேக்கறவன் ஒடஞ்சதக் கவனிக்காம போயிடுவானோன்னு பயந்துபோய் அடிச்சிருக்க. ஒரு தடவ இல்ல, ரெண்டு தடவ அடிச்சிருக்க. அவ்ளோ நல்ல எடம் அது, நீயே அது மேல துணியப் போட்டு மூடிட்ட.”

அவள் சாதாரணக் குரலில்தான் சொன்னாள். சொல்லி முடித்ததும் பக்கத்து வீட்டில் தண்ணீர் விழுகிற சத்தம் இளைத்தது. ஒரு பெரிய ஓசை சின்ன ஓசையாகி, சின்ன ஓசை சொட்டுச் சொட்டாயிற்று. “இன்னாடி ஆச்சு, சவுண்ட ஏத்து, ஏத்து,” என்று மேரி கத்துவது கேட்டது. இரண்டு பேரும் அசையாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மூச்சுவிடக்கூடப் பயமாக இருந்தது. வெகு நேரம் கழித்து, யாரும் எதுவும் பேசவில்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டதைப் போல, சொட்டுகள் சேர்ந்து திரும்பவும் மழையாயின.

துரைக்கண்ணு எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினான். கதவைச் சாத்தினான். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து அவளுடைய நாற்காலியை ஒட்டிப் போட்டு உட்கார்ந்தான். அவன் முகத்திலிருந்து அந்தப் போலீஸ்காரன் போய்விட்டிருந்தான்.

“அப்சலும் அந்தக் கிட்டார எடுக்கத்தான் சொன்னான்,” என்றான், காற்றில் கலந்த குரலில். “நான்தான் கேக்கல. அந்த மணி?”

அவள் அவன் காதுக்குப் பக்கத்தில் குனிந்தாள். “மணியத் தொடாத. மணி இல்லன்னா பாட்டே இல்ல.”

அவன் கண்ணை மூடிக்கொண்டான். நம்பினான் என்று அவளுக்குத் தெரிந்தது. “அப்புறம்?” என்றான். அவள் சொன்னாள். ஏழாவது பாட்டில் வார்த்தைகள் ஏன் வழுக்குகின்றன என்று சொன்னாள், ஆறாவது யாருக்காகவோ எழுதியது மாதிரி இருப்பதாகச் சொன்னாள். ஒவ்வொரு குறைக்கும் அவன் தலை மெதுவாக ஆடியது, ஒரே ஒரு குறைக்கு மறுத்து அவளோடு கிசுகிசுவென்று சண்டை போட்டான். அவன் தோள் அவள் தோளில் இடித்தது. இரண்டு பேரும் அவ்வப்போது பேச்சை நிறுத்திச் சுவருக்குக் காது கொடுத்தார்கள். பக்கத்து வீட்டில் குடம் நிறைகிற ஓசை மாறியது; யாரோ அதை எடுத்துவிட்டு அடுத்ததை வைத்தார்கள். தவமணி ஒரு தடவை கூரையைப் பார்த்துவிட்டு, குரலை இன்னும் தாழ்த்திக்கொண்டு, மூன்றாவது பாட்டுக்கு வந்தாள்.